ராஜா மதம் மாறிய நாட்டில் துப்பறிதல்

சி.ஜே. சான்சமின் ஷார்ட்லேக் நாவல்கள் ஏழையும் மறுபடி வரிசையாகப் படித்து முடித்தேன். படிக்கும்போது நோட்டில் குறித்துவைத்தவை இவை. நாவலைக் கீழே வைத்துவிட்டுச் சரித்திரப் பக்கம் போய்த் தேடியவையும் கலந்திருக்கின்றன. கொலையாளி யார் என்பதை மட்டும் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

*

முதல் நாவல் 'டிஸல்யூஷன்'. 2003இல் வெளிவந்தது. கதை நடப்பது 1537 நவம்பரில். இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்கார்ன்சீ என்றொரு கற்பனை ஊர். அங்குள்ள பெனடிக்ட் சபை மடத்துக்கு வந்த அரசுக் கமிஷனர் மடத்துச் சமையற்கட்டில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறார். கோயிலிலிருந்து திருப்பண்டம் ஒன்று களவு போயிருக்கிறது. பீடத்தின்மேல் யாரோ கருஞ்சேவலை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். லண்டனிலிருந்து அரசரின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல் தன் நம்பிக்கைக்குரிய வக்கீலை அனுப்புகிறார். மேத்யூ ஷார்ட்லேக் என்று பெயர். முதுகில் கூன். சீர்திருத்தத்தை மனதார நம்புகிறவர்.

குரோம்வெல்லுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று தெரிந்தால்தான் கதையின் இறுக்கம் பிடிபடும். 1534இல் சட்டம் போட்டு எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் ஆனார். மறு வருஷம் நாடு முழுக்க ஆள் அனுப்பி எந்த மடத்துக்கு என்ன வருமானம் என்று கணக்கெடுத்தார்கள். 1536இல், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கே ஜனங்கள் திரண்டு எழுந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீல். அரசர் மன்னிப்பு வாக்குக் கொடுத்துக் கூட்டத்தைக் கலைத்தார். 1537 ஜூலையில் ஆஸ்க்கை யார்க் நகரில் தூக்கிலிட்டார்.

ஆக, 1537 கடைசியில் பெரிய மடங்களை மூட குரோம்வெல்லிடம் சட்டமும் இல்லை, இன்னொரு கிளர்ச்சியைத் தாங்கும் தெம்பும் இல்லை. மடாதிபதிகள் தாங்களாகவே மனமுவந்து எழுதிக்கொடுத்தார்கள் என்று காகிதத்தில் வர வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கமிஷனர் கொலை. செய்தி வெளியே போகக் கூடாது, கொலையாளி சீக்கிரம் சிக்க வேண்டும், அந்தப் பயத்தை வைத்தே மடத்தையும் எழுதி வாங்க வேண்டும். ஷார்ட்லேக் எடுத்துச் செல்லும் உத்தரவு இதுதான். நியாயம் கிடைக்க வேண்டும் என்ற ஆசை அவருடைய சொந்த ஆசை. அனுப்பியவருக்கு அது இல்லை. ஏழு நாவல்களும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

*

சான்சம் எடின்பரோவில் பிறந்தவர். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு சட்டம் படித்து, சசெக்ஸில் வசதியில்லாதவர்களின் வழக்குகளைப் பார்த்தார். இரண்டு படிப்பும் எழுத்தில் தெரிகிறது. கொலை விசாரணைக்குப் பக்கத்திலேயே ஒரு சில்லறை வழக்கும் ஓடிக்கொண்டிருக்கும்: வாய்க்கால் தகராறு, குத்தகைத் தகராறு, உயில் தகராறு. பின்வரும் நாவல்களில் ஷார்ட்லேக் ஏழைகளின் மனுக்களைக் கேட்கிற நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடுகிறார். மனுவை எழுதி, கட்டணம் கட்டி, வாய்தாவுக்கு வாய்தா அலைகிற அந்தப் பகுதிகளைச் சிலர் புரட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவை உயிர்ப் பகுதிகள். கொலை எப்போதோ நடப்பது. நிலம் பறிபோவது அந்த நாட்டில் அப்போது தினமும் நடந்துகொண்டிருந்தது.

*

நாவலைவிட நிஜம் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது ரிச்சர்ட் ஹன் வழக்கில்.

ஹன் லண்டனில் நல்ல நிலையில் இருந்த வணிகர், தையல் வணிகர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1511இல் அவருடைய ஐந்து வாரக் குழந்தை ஸ்டீபன் இறந்துபோனது. அடக்கம் செய்துவைத்த பாதிரியார் வழக்கப்படி குழந்தையைச் சுற்றியிருந்த துணியைக் காணிக்கையாகக் கேட்டார். இறந்தவரின் சொத்தில் ஒன்றைப் பாதிரியாருக்குக் கொடுப்பது வழக்கம். ஐந்து வாரக் குழந்தைக்குச் சொத்து ஏது, துணி அதனுடையதே இல்லை என்று ஹன் மறுத்தார். பாதிரியார் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஹன் விடவில்லை. அரசர் நீதிமன்றத்துக்குப் போய், திருச்சபை நீதிமன்றம் அந்நிய அதிகாரத்தின்கீழ் நடப்பது, அரசரின் குடிமகனை அங்கே இழுத்தது குற்றம் என்று எதிர்வழக்குப் போட்டார். சுமார் இருபது வருஷம் கழித்து எட்டாம் ஹென்றி ரோமுக்கு எதிராகக் கையில் எடுத்ததும் இதே வாதம்தான். ஒரு துணி வணிகர் அதைத் தன் குழந்தையின் துணிக்காக முதலில் எடுத்திருக்கிறார்.

1514 அக்டோபரில் ஹன்னைப் பதிதர் என்று கைதுசெய்து, செயின்ட் பால்ஸ் பேராலயத்தை ஒட்டிய லாலர்ட் கோபுரத்தில் அடைத்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி காலையில் அவர் தன்னுடைய பட்டுக் கச்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தார். தற்கொலை என்றது பிஷப் தரப்பு.

பிரேத விசாரணை ஜூரிகள் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கை எட்வர்ட் ஹாலின் சரித்திரத்திலும் ஜான் ஃபாக்ஸின் நூலிலும் அச்சாகியிருக்கிறது. எந்தத் துப்பறியும் நாவலிலும் இதற்கு நிகரான பக்கங்களை நான் படித்ததில்லை. முகம் தெளிவாக இருக்கிறது, தலை வாரப்பட்டிருக்கிறது, குல்லா ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கிறது, கண்ணும் வாயும் மூடியிருக்கின்றன. தூக்கில் தொங்கியவர் முகம் இப்படியா இருக்கும்? மூக்கிலிருந்து நாலு சொட்டு ரத்தம், மற்றபடி முகத்திலும் சட்டையிலும் கறையே இல்லை. ஆனால் அறை மூலையில் ரத்தம் தேங்கிக் கிடக்கிறது. மடித்து வைத்திருந்த மேலங்கியில் ரத்தம் வழிந்த தடம். கழுத்து எலும்பு முறிந்திருக்கிறது. மணிக்கட்டில் கட்டியிருந்த அடையாளம். ஏறி நின்று தொங்கியதாகச் சொல்லப்பட்ட முக்காலி மெத்தைமேல் நிற்கிறது, தொட்டாலே சரிகிறது. மெழுகுவத்தி ஏழெட்டு அடி தள்ளி ஒழுங்காக அணைக்கப்பட்டிருக்கிறது. அதை அணைத்தது யார், இருட்டில் எப்படித் தொங்கினார்?

ஜூரிகளின் முடிவு, கொலை. பிஷப்பின் சான்சலர் வில்லியம் ஹார்ஸி, சம்மன் சேவகன் சார்லஸ் ஜோசப், மணியடிப்பவன் ஜான் ஸ்பால்டிங் மூவர் மீதும் குற்றம் சாட்டினார்கள். ஜூரிகள் சாதாரண லண்டன்வாசிகள். பிஷப்பின் மாளிகை எதிரே நிற்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்குள் திருச்சபை என்ன செய்தது தெரியுமா? பிணத்தை வைத்து மத விசாரணை நடத்தி, பதிதர் என்று தீர்ப்புச் சொல்லி, டிசம்பர் 20ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் எரித்தது. ஹார்ஸி மீதான வழக்கை அரசு தொடரவில்லை. ஹன்னின் சொத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தரும் மசோதா 1515இல் மக்களவையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் தோற்றது. பல வருஷம் கழித்து, திருச்சபைப் பக்கம் நின்ற தாமஸ் மோர், ஹன் தற்கொலைதான் செய்துகொண்டார் என்று வாதாடி எழுதினார். மோர் எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் அந்த முக்காலிக்கும் மெழுகுவத்திக்கும் அவரிடம் பதில் இல்லை என்பதே என் முடிவு.

*

1536 நவம்பர் 13. மூடுபனி. விடியற்காலையில் ராபர்ட் பேக்கிங்டன் என்ற துணி வணிகர் சீப்சைட் தெருவைக் கடந்து பூசைக்குப் போகிறார். நாடாளுமன்றத்தில் லண்டனின் பிரதிநிதி. பாதிரியார்களின் பேராசையைக் கண்டித்துப் பேசியவர். பனிக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. அவர் அங்கேயே விழுந்து இறந்தார். லண்டனில் கைத்துப்பாக்கியால் நடந்த முதல் கொலை என்று இதைச் சொல்வார்கள். சுட்டவர் பிடிபடவேயில்லை.

இங்கே என்னை யோசிக்க வைப்பது பிற்பாடு நடந்தது. சீர்திருத்தப் பக்கத்து ஃபாக்ஸ் ஒரு பதிப்பில் லண்டன் பிஷப்பைக் காட்டினார். அடுத்ததில் செயின்ட் பால்ஸ் டீனைக் காட்டினார். ஹோலின்ஷெட்டின் சரித்திரமோ, பான்பரியில் தூக்கிலேறிய ஏதோ ஒரு குற்றவாளி ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறது. தடயம் இல்லாத இடத்தில் அவரவர் மதத்துக்குத் தேவையான கொலையாளி வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஹன் வழக்கின் ஜூரிகள் எவ்வளவு பெரிய காரியம் செய்தார்கள் என்பது இதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

பேக்கிங்டனின் அடக்கத்தில் பிரசங்கம் செய்தவர் ராபர்ட் பார்ன்ஸ். இந்தப் பெயர் மறுபடி வரும்.

*

விஷம். 1531இல் ராச்செஸ்டர் பிஷப் ஜான் ஃபிஷர் வீட்டுச் சமையற்காரர் ரிச்சர்ட் ரூஸ் கஞ்சியில் பொடி கலந்தார் என்று குற்றச்சாட்டு. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் வாசலில் பிச்சைச் சாப்பாட்டுக்கு வந்த ஏழைப் பெண். பிஷப் அன்று சாப்பிடவில்லை. ஃபிஷர்தான் அப்போது அரசரின் மணவிலக்கை உறுதியாக எதிர்த்து நின்றவர். அரசரே பிரபுக்கள் சபையில் வந்து பேசினார். விஷமிடுவது ராஜத்துரோகம், அதற்கு உயிரோடு கொதிக்க வைப்பது தண்டனை என்று புதுச் சட்டம். ஜூரி விசாரணை எதுவும் இல்லாமல் ரூஸை ஸ்மித்ஃபீல்டில் கொதிக்கும் கொப்பரையில் போட்டுக் கொன்றார்கள். யார் தூண்டினார்கள் என்று கேட்பதற்கு ஆளே இல்லாமல் போயிற்று. நான்கு வருஷம் கழித்து அதே ஃபிஷரின் தலையை அதே அரசர் வெட்டினார்.

*

மூன்றாவது நாவல் 'சாவரின்', 1541. அரசர் பெரும் பரிவாரத்தோடு யார்க் நகருக்குப் போகிறார். அங்கே சதிவழக்கில் சிக்கிய எட்வர்ட் பிராடரிக் என்ற கைதி இருக்கிறார். அவரை லண்டன் டவருக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் அவர் உடம்பு கெடாமல், சாப்பாடும் மருந்தும் சரியாகக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள ஷார்ட்லேக்கை நியமிக்கிறார் ஆர்ச்பிஷப் கிரான்மர். ஏன்? லண்டனில் சித்திரவதையைத் தாங்குமளவு தெம்பு அவருக்கு இருக்க வேண்டும்.

ஷார்ட்லேக் அந்தக் கைதியின் அறைக்குப் போய் நாற்றத்தைப் பற்றிக் கடிந்துகொள்கிறார், புது வைக்கோல் போடச் சொல்கிறார், கஞ்சியை முகர்ந்து பார்க்கிறார். எல்லாமே இரக்கமான செயல்கள். ஒவ்வொன்றும் அந்த மனிதரைச் சித்திரவதைக் கட்டைமேல் இழுத்துக் கட்டும் நாளுக்குத் தயார் செய்கிறது. சான்சம் இதைப் பற்றி எந்தப் பிரசங்கமும் செய்வதில்லை. அறையை மட்டும் காட்டுகிறார். ஏழு நாவல்களில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுவது இதுதான். நல்லவர் ஒருவர் கெட்ட அரசின் கீழ் வேலை பார்ப்பது என்றால் என்ன என்று இதற்குமேல் விளக்க முடியாது.

இதே நாவலில் அரசர் ஹென்றி, கூடியிருக்கும் ஜனங்களுக்கு நடுவே ஷார்ட்லேக்கின் கூனைக் கேலி செய்வார். அதன் புண் அடுத்த நாவல்களிலும் ஆறுவதில்லை.

*

1540 ஜூலை 28ஆம் தேதி குரோம்வெல்லின் தலையை வெட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி, டவரிலிருந்து ஸ்மித்ஃபீல்டுக்கு ஆறு பேரைக் கட்டைச் சட்டத்தில் கிடத்திக் குதிரையால் இழுத்துப் போனார்கள். மூவர் சீர்திருத்தக்காரர்கள், அவர்களில் ராபர்ட் பார்ன்ஸ் ஒருவர். மூவர் போப்புக்கு விசுவாசமான பாதிரியார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் அந்தப் பக்கத்தவர் ஒருவர், இந்தப் பக்கத்தவர் ஒருவர் என்று ஜோடியாகக் கட்டியிருந்தார்கள். சீர்திருத்தக்காரர்களைப் பதிதர்கள் என்று எரித்தார்கள். பாதிரியார்களைத் துரோகிகள் என்று தூக்கிலிட்டு உடலை நான்காக வெட்டினார்கள். ஒரே இடம், ஒரே நாள்.

இந்த ஒரு காலைப்பொழுதை மனதில் வைத்துக்கொண்டால், டியூடர் காலத்துக் கொலைக்கதை மற்றக் காலத்துக் கதைகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று தெரியும். சாதாரணத் துப்பறியும் கதையில் ஊர் நிம்மதியாக இருக்கும். கொலை அதைக் குலைக்கும். குற்றவாளி பிடிபட்டதும் நிம்மதி திரும்பும். இங்கே திரும்புவதற்கு எதுவும் இல்லை. நேற்று கட்டாயமாக நம்ப வேண்டியிருந்ததை இன்று நம்பினால் மரணம். சட்டம் பட்டப்பகலில் கொல்கிறது. அப்படியொரு நாட்டில் ஒரு தனி மனிதர், ஒற்றைப் பிணத்தைப் பார்த்து, இதை யார் செய்தது, ஏன் செய்தது என்று விடாமல் கேட்கிறார். காயத்தின் ஆழத்துக்கும் ரத்தம் வழிந்த திசைக்கும் மதம் கிடையாது. ஷார்ட்லேக்கின் நம்பிக்கை ஒவ்வொரு நாவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. முதல் நாவலிலேயே, அரசி ஆன் பொலின் வழக்கில் இசைக்கலைஞர் மார்க் ஸ்மீட்டன் கொடுத்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்று தெரிந்ததும் குரோம்வெல் மீதான மரியாதை போய்விடுகிறது. கடைசிவரை அவரிடம் தங்குவது இந்தக் கேள்வி ஒன்றுதான்.

*

முதல் நாவலின் மடத்தில் வரும் கை என்ற மருத்துவத் துறவி. ஸ்பெயினின் கிரானடாவில் முஸ்லிம்களாக இருந்த குடும்பம், கறுத்த நிறம். மடம் மூடியபின் லண்டனில் மருந்துக்கடை வைக்கிறார். ஷார்ட்லேக்கின் மிக நெருங்கிய நண்பர் இவர், கடைசிவரை கத்தோலிக்கர். இருவரும் சமயம் பற்றிப் பேசினால் சண்டையாகும், அதனால் பல இரவுகள் பேசாமலே சேர்ந்து சாப்பிடுவார்கள். பிணத்தைப் பரிசோதிக்கும்போது மட்டும் இருவருக்கும் நடுவே கருத்து வேறுபாடே வராது.

*

மடம் மூடுவது என்றால் என்ன? முதலில் கூரையிலிருந்து ஈயத்தகட்டைப் பிரிப்பார்கள். அதை உருக்க, கோயிலின் மரச்சட்டங்களையே விறகாக எரிப்பார்கள். மணிகளை உடைத்து உலோகமாக விற்பார்கள். துறவிகளுக்குச் சிறு ஓய்வூதியம். நிலம், அரசருக்கு, அவரிடமிருந்து பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும். இந்த வரவுகளைப் பார்த்துக்கொள்ள 1536இல் தனி நீதிமன்றம் அமைத்து, அதற்குத் தலைவராக ரிச்சர்ட் ரிச்சை வைத்தார்கள். ராஜத்துரோக வழக்கில் தாமஸ் மோருக்கு எதிராகச் சாட்சி சொன்ன அதே ரிச். சான்சமின் நாவல்களில் வில்லன். சரித்திரம் தந்ததற்குமேல் சான்சம் அவர்மீது அதிகம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக வால்தம் மடம் 1540 மார்ச்சில் மூடப்பட்டது.

*

ஹிலரி மான்டெலின் குரோம்வெல்லையும் சான்சமின் குரோம்வெல்லையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. மான்டெல் அவர் மண்டைக்குள் உட்கார்ந்து எழுதினார். சான்சம் அவர் மேஜைக்கு எதிர்ப்பக்கம், உத்தரவு வாங்க நிற்பவர் இடத்திலிருந்து எழுதினார். எனக்கு இரண்டாவது பார்வைதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பதாகப் படுகிறது.

எஸ்.ஜே. பாரிஸின் 'ஹெரஸி', 1583 ஆக்ஸ்ஃபோர்டில், இத்தாலியத் தத்துவவாதி ஜோர்டானோ புரூனோ துப்பறிவது. ஃபாக்ஸின் தியாகிகள் நூலைப் பார்த்துக் கொலைகள் நடக்கின்றன. வேகமாகப் போகிறது. ஷார்ட்லேக்கின் கனம் இல்லை.

*

ஷார்ட்லேக் நாவல்கள் எல்லாம் ஒரே தரமில்லை. 'ஹார்ட்ஸ்டோன்' நாவலில் 1545 ஜூலை 19 அன்று மேரி ரோஸ் கப்பல் மூழ்கும் பகுதி அபாரம். அதுவரை போகிற பாதை நீளம். 'டூம்லாண்ட்' 1549இன் கெட் கிளர்ச்சியைப் பற்றியது. பொது நிலத்தை வேலி போட்டு அடைத்ததை எதிர்த்து நார்விச் அருகே மவுஸ்ஹோல்ட் மேட்டில் ஆயிரக்கணக்கில் கூடிய விவசாயிகளின் கதை. அங்கே கொலை வழக்கு கதைக்குப் பாரமாகத்தான் தொங்குகிறது. ஆனால் அந்த முகாமை, அங்கே நடந்த விசாரணைகளை, சாப்பாட்டுப் பங்கீட்டைச் சான்சம் எழுதிய விதத்துக்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

*

'லாமென்டேஷன்' நாவல் 1546 ஜூலை 16இல், ஆன் ஆஸ்க்யூ எரிக்கப்படுவதில் தொடங்குகிறது. லிங்கன்ஸ் இன் வக்கீல்கள் சார்பில் நின்று பார்க்க ஷார்ட்லேக்கை அனுப்பியிருக்கிறார்கள். ஆன், லிங்கன்ஷயரில் நல்ல குடும்பத்துப் பெண்; பைபிளைத் தானே படித்து, பூசையில் அப்பம் அப்பமாகத்தான் இருக்கிறது என்று சொன்னதற்காகத் தண்டனை பெற்றவர். தண்டனை விதித்த பிறகும் டவரில் கட்டைமேல் இழுத்தார்கள். அரசி கேத்தரின் பாரைச் சுற்றியிருக்கும் பெண்களில் யார் உன் கூட்டாளி என்று கேட்டார்கள். டவர் அதிகாரி மேலும் இழுக்க மறுத்துவிட, லார்ட் சான்சலர் ரையத்ஸ்லியும் ரிச்சும் தாங்களே சக்கரத்தைத் திருகினார்கள். அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. நடக்க முடியாததால் நாற்காலியில் உட்கார வைத்து ஸ்மித்ஃபீல்டுக்குத் தூக்கிப்போனார்கள். அவரோடு எரிந்த மூவரில் ஜான் லாசெல்ஸ் ஒருவர். 1541இல் அரசி கேத்தரின் ஹோவர்டின் பழைய வாழ்க்கையைக் கிரான்மரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

*

சான்சம் 2024 ஏப்ரல் 27ஆம் தேதி காலமானார். 'டிஸல்யூஷன்' கதையை வைத்து எடுத்த தொடர் நான்கு நாள் கழித்து, மே 1ஆம் தேதி வெளியானது. தொடரைப் பார்க்க நினைப்பவர்கள் புத்தகத்தை முதலில் படியுங்கள், ஏழையும் வரிசை மாற்றாமல் படியுங்கள். 'லாமென்டேஷன்' வந்ததும் சற்று நிறுத்திவிட்டு, ஆன் ஆஸ்க்யூ தன்னிடம் நடந்த விசாரணையைத் தன் கையால் எழுதிய குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். ஜான் பேல் அவற்றை 1546, 1547 ஆண்டுகளில் வெளிநாட்டில் அச்சிட்டார். பழைய பதிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன.